ஆறு நாளில் சிகிச்சையாளரா? பயிற்சித் தரக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பயிற்சித் தரக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

பதிவுசெய்த பாடங்களை ஆறு நாள் பார்த்து, கொள்குறி வினாத் தேர்வு ஒன்றில் தேறினால் போதும். இனி எவரும் தம் பெயருக்குப் பின்னால் 'விளையாட்டுச் சிகிச்சையாளர்', அதாவது குழந்தையின் மனத்துயரை அதன் விளையாட்டின் வழியே ஆற்றுபவர், என்று போட்டுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். மேற்பார்வையின் கீழ் குழந்தைகளோடு பணியாற்றும் மணிநேரம் 'விருப்பத்திற்குரியது' ஆகிவிட்டது. ஒவ்வொரு பயிலுநருக்கும் தனி மேற்பார்வையாளர் என்ற ஏற்பாடு போய், மாதம் ஒருமுறை கூட்டுக் கேள்வி-பதில் நேரம் வந்திருக்கிறது. பயிலுநர் தாமும் ஒரு சிகிச்சையாளரிடம் சென்று அமர வேண்டும் என்ற விதி, அறிவிப்பின் கடைசிப் பக்கத்தில், காரணம் எதுவும் சொல்லப்படாமல் நீக்கப்பட்டிருக்கிறது.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. நமக்கென்ன என்று இருந்துவிடவும் முடியவில்லை. இப்படிப்பட்ட குறுகிய படிப்பிலிருந்து வெளிவரும் சிகிச்சையாளர் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். நானே அப்படி ஒருத்தியாக இருந்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் மூன்று நாள் பயிலரங்கு ஒன்றுக்குப் போனேன். நடத்திய நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. முதல் நாள் வரலாறு, இரண்டாம் நாள் பொம்மைகள், மூன்றாம் நாள் மாலைக்குள் சான்றிதழ். பங்கேற்றவர்கள் மாறி மாறிக் குழந்தையாகவும் சிகிச்சையாளராகவும் நடித்துப் பார்த்தோம். முப்பது வயதுக் 'குழந்தை' எவ்வளவு ஒத்துழைக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சான்றிதழுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். நான் வேலை பார்த்த பள்ளியில், உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த அறை ஒன்றைக் காலிசெய்து கொடுத்தார்கள். மணல் தட்டு, பொம்மை வீடு, விலங்குகள், வண்ணங்கள், களிமண் என்று எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினேன். பொருள்களில் எந்தக் குறையும் இல்லை.

முதலில் என்னிடம் அனுப்பப்பட்டவன் ஏழு வயதுப் பையன். (அவன் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) பக்கத்தில் இருப்பவர்களைத் திடீரென்று அடித்துவிடுகிறான் என்று புகார். என் அறைக்கு வந்தவன் யாரையும் அடிக்கவில்லை. ஒரு குதிரைப் பொம்மையை எடுப்பான். மணலில் குழி தோண்டுவான். குதிரையைப் படுக்கவைத்து மூடுவான். மேலே உள்ளங்கையால் தடவித் தடவிச் சமமாக்குவான். ஒரு வார்த்தை பேச மாட்டான். மூன்று வாரம் இதேதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பாசிரியை அவனுடைய தந்தை கோபக்காரர் என்று சொல்லியிருந்தார். நான் முடிச்சுப் போட்டுவிட்டேன். நான்காவது வாரம், முடிந்த மட்டும் கனிவான குரலில் கேட்டேன்: "இந்தக் குதிரை யார்? அப்பாவா?"

அவன் கையை எடுத்துவிட்டான். விரல்களில் ஒட்டியிருந்த மணலை ஒவ்வொன்றாகத் தட்டினான். "நேரமாகிவிட்டதா?" என்று கேட்டான். இன்னும் அரை மணிநேரம் இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து அவன் மணல் தட்டின் பக்கமே போகவில்லை. மரக்கட்டைகளை எடுத்து வரிசையாக அடுக்கினான். நான் எதைப் பார்த்தால் மகிழ்வேன் என்று யோசித்து யோசித்து அடுக்கினான். வகுப்பிலும் அடங்கிவிட்டான். பள்ளியில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் என்னைப் பாராட்டிக்கொண்டேன். பருவம் முடிந்ததும் அந்த அறை வேறு வேலைக்குத் தேவைப்பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அவனைப் பார்த்தேன், அடுத்த வெள்ளிக்கிழமை பார்க்கவில்லை. விடைபெறுவது என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அந்த மூன்று நாளில் அதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

பின்னர்தான் தெரிந்தது. அவனை வளர்த்த பாட்டி இறந்திருந்தார். குழந்தை தாங்க மாட்டான் என்று நினைத்து, பாட்டி ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். குதிரை தந்தை அல்ல. வீட்டில் யாரும் நடத்தவிடாத ஒரு அடக்கத்தை அவன் வாராவாரம் தனியே நடத்திக்கொண்டிருந்தான். நடுவில் நுழைந்து நான் அதை நிறுத்தினேன். பிறகு, பாட்டியைப் போலவே, சொல்லாமல் காணாமல் போனேன்.

அவனுக்கு என்ன நேர்ந்தது என்று எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஏறவும் ஏறாது. அவன் பெற்றோர் புகார் செய்யவில்லை, நன்றி சொன்னார்கள். அறுவை மருத்துவர் கை தவறினால் இரத்தம் வரும். எங்கள் தொழிலில் கை தவறினால் குழந்தை நல்ல பிள்ளையாகிவிடும். உங்கள் அறிவிப்பில் 'இதுவரை குறுகிய காலப் படிப்புகள் பற்றிப் புகார்கள் வந்ததில்லை' என்ற வரியைப் படித்தபோது எனக்கு அந்தப் பையனின் மரக்கட்டைகள்தாம் நினைவுக்கு வந்தன.

விளையாட்டுக்குப் பொருள் சொல்லலாமா, எப்போது சொல்லலாம் என்பது 1920களிலேயே, குழந்தைகளுக்கான உளப்பகுப்பாய்வின் முன்னோடிகளான மெலனி கிளைனும் அன்னா ஃபிராய்டும் மோதிக்கொண்ட கேள்வி. பெரியவர்கள் மனம்போன போக்கில் பேசுவதற்கு இணையாகவே குழந்தையின் விளையாட்டைக் கருதிய கிளைன், அதன் ஆழ்ந்த பொருளைக் குழந்தையிடமே எடுத்துச் சொன்னார். அன்னா ஃபிராய்ட் அவ்வளவு தூரம் போகத் தயாராக இல்லை. முதலில் குழந்தை தன்னை நம்பி ஒட்ட வேண்டும் என்றார். இருவருமே வாழ்நாளை இதில் செலவிட்டவர்கள். நானோ கிளைனைப் படிக்காமலே ஒரு வெள்ளிக்கிழமை கிளைனாகிவிட்டேன். லண்டனில் குழந்தை மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்ட் நடத்திய மருத்துவ நிலையத்தில், சிறு பொம்மைகளை மணல் தட்டுக்குள் கொண்டுபோய் வைத்தவர்கள் குழந்தைகளே. தாங்கள் அமைத்ததற்கு 'உலகம்' என்று பெயரிட்டவர்களும் அவர்களே. அதில் தன் விளக்கத்தைத் திணிக்காமல் இருப்பதுதான் லோவன்ஃபெல்ட் தனக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. மணல் தட்டை எங்கும் வாங்கலாம். அந்தக் கட்டுப்பாடு ஒருவருக்குள் இறங்க எவ்வளவு காலம் ஆகும் என்பதுதான் உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி.

எனக்கு இரண்டரை ஆண்டு ஆனது.

முழுப் பயிற்சியில் சேர்ந்தபோது, ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருப்பவள் என்ற மிதப்போடுதான் போனேன். மேற்பார்வையாளர் முதல் வாரமே ஒரு வேலை கொடுத்தார். பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு ஓர் அமர்வைக் காணொளியாகப் பதிவுசெய்து, அதில் இருபது நிமிடத்தை மட்டும் வரிக்கு வரி எழுதிக்கொண்டு வரச் சொன்னார். குழந்தை செய்தது ஒரு பத்தியில், நான் சொன்னது அடுத்த பத்தியில், அப்போது என் உடம்பில் என்ன உணர்ந்தேன் என்பது மூன்றாவது பத்தியில். இருபது நிமிடத்தை எழுத ஏழு மணிநேரம் பிடித்தது. மூன்றாவது பத்தி பெரும்பாலும் காலியாக இருந்தது.

அவர் காணொளியை ஓடவிட்டு ஓர் இடத்தில் நிறுத்தினார். திரையில் ஒரு சிறுமி தாள் முழுவதும் கறுப்பு வண்ணத்தைப் பூசிக்கொண்டிருக்கிறாள். என் குரல் கேட்கிறது: "ஆகா, எவ்வளவு அழகாக இருக்கிறது!"

"அழகாகவா இருந்தது?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

இல்லை. பயமாக இருந்தது. என் பயத்தைத் தணித்துக்கொள்ள அவளைப் பாராட்டியிருக்கிறேன். காணொளியை இன்னும் ஓட்டினால், அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பதும், மஞ்சளை எடுத்து ஓரத்தில் ஒரு சூரியன் போடுவதும் தெரிகிறது. அந்தச் சூரியன் எனக்காகப் போடப்பட்டது. பாராட்டு நல்லதுதானே என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். வகுப்பறையில் நல்லதாக இருக்கலாம். அந்த அறைக்குள் அது, 'எனக்குப் பிடித்ததை வரை' என்ற கட்டளையாகிவிடுகிறது. "தாள் முழுக்கக் கறுப்பாக்குகிறாய். கொஞ்சமும் விடாமல்" என்று கண்ணில் படுவதை மட்டும் சொல்லியிருக்க வேண்டும். எளிதாகத் தோன்றும் இந்த வாக்கியம் தானாக என் வாயில் வர எட்டு மாதம் ஆனது. பதிவுசெய்த பாடத்தில் இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம், கேட்பவரும் தலையாட்டிவிடுவார். ஆனால் தன் குரலைத் தானே கேட்டுக் கூசிப்போவது பதிவுசெய்த பாடத்தில் நடக்காது.

இன்னொரு பதிவு. ஆறு வயதுச் சிறுமி பொம்மைத் துப்பாக்கியை என் நெற்றிக்கு நேராக வைத்து, பொம்மைக் குண்டைச் சுடப் போகிறாள். நான் சிரிக்கிறேன். மறுமுறையும் சிரிக்கிறேன். என்ன செய்திருக்க வேண்டும் என்பது பாடத்தில் இருக்கிறது. அமெரிக்க விளையாட்டுச் சிகிச்சையாளர் கேரி லேண்ட்ரெத் வகுத்த எல்லை வைக்கும் முறை மூன்று படிகள் கொண்டது: முதலில் உணர்வை ஒப்புக்கொள்வது, பிறகு எல்லையைச் சொல்வது, பிறகு வேறொரு வழியைக் காட்டுவது. "என்னைச் சுட வேண்டும் போல இருக்கிறது உனக்கு. நான் சுடப்படுவதற்கு இல்லை. அந்தப் பெரிய பொம்மையைச் சுடலாம்." இந்த மூன்று வாக்கியமும் எனக்கு மனப்பாடம். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இருந்தும் அறைக்குள் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன் என்பதற்கு விடை மேற்பார்வையில் கிடைக்கவில்லை. நீங்கள் நீக்கிய அந்தக் கடைசிப் பக்கத்து விதியில்தான் கிடைத்தது. பயிற்சிக்காக நான் வாராவாரம் ஒரு சிகிச்சையாளரிடம் போய் உட்கார்ந்திருந்தேன். முதல் சில மாதம் இது வெட்டி வேலை என்றுதான் நினைத்தேன். யாராவது கோபப்பட்டால் சிரித்து மழுப்புவது சிறு வயதில் என் வேலையாக இருந்தது. வீட்டில் அது பயன்பட்டது. அந்த வேலையை நான் இன்னும் விடவில்லை. ஆறு வயதுச் சிறுமியின் முன்னாலும் செய்துகொண்டிருந்தேன். அவளோ, தன் கோபத்தைப் பார்த்துச் சிரிக்காத ஒரு பெரியவரைத் தேடி வந்திருந்தாள். என் கதையை இங்கே சொல்வது எனக்கு இதமாக இல்லை. உங்கள் முடிவுக்கு எதிராகக் காட்ட இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லாததால் சொல்கிறேன். தனிச் சிகிச்சை ஆடம்பரம் என்று உங்களில் ஒருவர் கருத்தரங்கில் சொன்னார். அதைப் பெறாத சிகிச்சையாளர் தன் பழைய வீட்டையும் தூக்கிக்கொண்டுதான் விளையாட்டறைக்குள் வருவார். குழந்தை அந்த வீட்டுக்கும் சேர்த்து இடம் விட வேண்டியிருக்கும்.

அடுத்ததைச் சுருக்கமாகவே எழுதுகிறேன், ஏனெனில் இதில் விவாதத்துக்கே இடமில்லை. பொம்மைகளை வைத்துக்கொண்டு விளையாடும் குழந்தை, தனக்கு நடந்த கொடுமை ஒன்றை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சொல்லிவிடும். அந்த நிமிடத்தில் கேட்கும் ஒரு தவறான கேள்வி, விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கும் ஒரு கேள்வி, பின்னால் அந்தக் குழந்தையின் சொல்லையே மதிப்பிழக்கச் செய்துவிடலாம். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று பொய்ச் சத்தியம் செய்யக் கூடாது. குழந்தை பயன்படுத்திய சொற்களை அப்படியே குறித்துக்கொண்டு, குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவரிடம் அன்றே சேர்க்க வேண்டும். அன்று மாலை நீங்களே உடைந்துபோயிருப்பீர்கள். அப்போது தொலைபேசியில் எடுக்க ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். மாதம் ஒருமுறை கூட்டுக் கேள்வி-பதில் நேரம் அடுத்து எப்போது வருகிறதோ, அதுவரை காத்திருக்க முடியாது.

இனி உங்கள் வாதங்கள். அவற்றை நியாயமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பெற்றோருக்கே பத்து அமர்வுகளில் கற்றுக்கொடுத்து நல்ல பலன் கிடைக்கும்போது, சிகிச்சையாளருக்கு எதற்கு ஆண்டுக்கணக்கான பயிற்சி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வாதங்களில் வலுவானது இதுதான். பாதி உண்மையும்கூட. பெர்னார்ட் கெர்னியும் லூயிஸ் கெர்னியும் 1960களில் பெற்றோர் வழி விளையாட்டுச் சிகிச்சையை உருவாக்கினார்கள். பிறகு லேண்ட்ரெத் அதைப் பத்து அமர்வுகளாகச் சுருக்கினார். சூ பிராட்டனும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 93 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்து, விளையாட்டுச் சிகிச்சை பயனளிக்கிறது என்றும், பெற்றோர் வழி நடத்தும்போது பலன் இன்னும் கூடுகிறது என்றும் சொன்னது. நீங்கள் மேற்கோள் காட்டுவதும் அதைத்தான். ஆனால் அந்தப் பத்து அமர்வுகளில் என்ன நடக்கிறது? பெற்றோர் ஒரே ஒரு குழந்தையோடு, தங்கள் சொந்தக் குழந்தையோடு, வாரம் அரை மணிநேரம் விளையாடுகிறார்கள். தங்கள் காணொளியைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். முழுப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர் கூடவே இருந்து திருத்துகிறார். அதாவது, நீங்கள் எதை நீக்கினீர்களோ, அந்த மேற்பார்வைதான் அந்த முறைக்கு முதுகெலும்பு. பெற்றோருக்குக்கூடத் தேவைப்படும் ஒன்று, ஊரார் பிள்ளைகளைக் கவனிக்கப்போகும் சிகிச்சையாளருக்குத் தேவையில்லை என்கிறீர்களா? அதே தொகுப்பாய்வு, 35 முதல் 40 அமர்வு வரை நடக்கும்போது பலன் மிகுதியாகத் தெரிந்தது என்றும் சொல்கிறது. உங்கள் புதிய பயிற்சியில் தேறுபவர் ஒரே ஒரு குழந்தையோடுகூட அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்.

காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, சிகிச்சையாளர்கள் போதவில்லை என்கிறீர்கள். உண்மைதான். எனக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள பெயர்கள் தூக்கத்தைக் கெடுக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியலில் காத்திருக்கும் பெற்றோர், 'சிகிச்சையாளர்' என்ற சொல்லை நம்பித்தான் கதவைத் தட்டுகிறார்கள். யாரிடம் போனால் என்ன கிடைக்கும் என்று பிரித்தறிய அவர்களுக்கு அந்தச் சொல்லைத் தவிர வேறு வழி கிடையாது. பல இடங்களில் அந்தச் சொல்லுக்குச் சட்டக் காவலும் இல்லை. பிரிட்டனையே பாருங்கள்: ஓவியச் சிகிச்சையாளர், நாடகச் சிகிச்சையாளர் என்ற பெயர்களைத் தகுதியில்லாதவர் பயன்படுத்தினால் குற்றம், விளையாட்டுச் சிகிச்சையாளர் என்ற பெயருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் அங்கே தொழில்முறைச் சங்கங்கள் தாங்களே காவல் நிற்கின்றன. 1992-இல் தொடங்கிய பிரிட்டன் விளையாட்டுச் சிகிச்சையாளர் சங்கம், முதுகலை நிலைப் பயிற்சியையும் மேற்பார்வையையும் பயிலுநரின் தனிச் சிகிச்சையையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 1982-இல் தொடங்கிய சங்கம், மனநலத் துறையில் முதுகலைப் பட்டமும் பணி உரிமமும் உள்ளவர்களிடமே, அதற்கு மேல் 150 மணிநேரப் பாடமும், மேற்பார்வையின் கீழ் குழந்தைகளோடு நூற்றுக்கணக்கான மணிநேரமும் கேட்கிறது. சட்டம் காக்காத சொல்லைக் குழுதான் காக்க வேண்டும். நீங்களோ அதை விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள்.

மூன்றாவது வாதம் செலவு. இங்கே நான் உங்களோடு சண்டை போடவில்லை. முழுப் பயிற்சி ஏழைகளுக்கு எட்டாததாக இருக்கிறது. பயிலுநர் களப்பயிற்சியில் செய்யும் வேலைக்குச் சம்பளம் கிடையாது. மேற்பார்வைக்கும் தனிச் சிகிச்சைக்கும் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். என்னோடு சேர்ந்த ஒருவர், இரண்டு குழந்தைகளுக்குத் தாய், இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டார். எங்கள் அணியிலேயே மிகச் சிறந்தவர் அவர்தான். குழந்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல், ஆனால் முழுவதுமாக அங்கே இருக்க அவரால் முடிந்தது. நான் இன்றுவரை அதற்கு முயன்றுகொண்டிருக்கிறேன். அவர் போனது இந்தத் துறையின் நட்டம், அவமானமும்கூட. ஆனால் செலவு அதிகம் என்றால் செலவைக் குறைக்க வேண்டும். நீங்கள் குறைத்திருப்பது பயிற்சியை. ஆறு நாள் படிப்பு அந்தத் தாய்க்கும் உதவாது. அவரிடம் இருந்த திறனுக்கு ஒரு மலிவான தாளைக் கொடுத்து, தனியாக ஓர் அறைக்குள் அனுப்பிவிடும்.

வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் விளையாட்டுச் சிகிச்சைக்கு எட்டுக் கோட்பாடுகளை வகுத்தார். உங்கள் புதிய தேர்வில் அவை நிச்சயம் கேட்கப்படும். கொள்குறி வினாவுக்கு மிக வசதியானவை. ஏழாவது கோட்பாடு, சிகிச்சையாளர் சிகிச்சையை அவசரப்படுத்துவதில்லை என்பது. நான்காவது வாரம் வாய் திறந்த என்னை நினைத்துக்கொண்டு, அந்தக் கோட்பாட்டைப் பாடத்திட்டத்தில் வைத்திருப்பவர்கள் பாடத்திட்டத்தையே எப்படி ஆறு நாளில் முடித்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

என் கோரிக்கைகள் இவை.

ஆறு நாள் படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும் பெற்றோருக்கும் அது பயன்படும். ஆனால் அதன் சான்றிதழிலிருந்து 'சிகிச்சையாளர்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். விளையாட்டு வழி உறவாடும் திறன் என்றோ வேறு எப்படியோ நேர்மையான ஒரு பெயர் வையுங்கள். அந்தச் சான்றிதழ் பெற்றவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது அதே தாளில் அச்சாக வேண்டும்.

மேற்பார்வையின் கீழ் குழந்தைகளோடு பணியாற்றும் மணிநேரத்தை மீண்டும் கட்டாயமாக்குங்கள். அதில் ஒரு பகுதியாவது, பயிலுநரின் சொந்தக் காணொளியை மேற்பார்வையாளர் உட்கார்ந்து பார்த்ததாக இருக்க வேண்டும். குறைந்தது ஒரு குழந்தையோடாவது, முதல் சந்திப்பிலிருந்து திட்டமிட்டு விடைபெறுவது வரை முழுவதுமாகப் போயிருக்க வேண்டும். இன்னும் எத்தனை அமர்வு மீதமிருக்கிறது என்று குழந்தையோடு சேர்ந்து எண்ணி, கடைசி நாளன்று 'இதுதான் கடைசி' என்று சொல்லத் தெரியாதவரிடம் குழந்தையை ஒப்படைக்காதீர்கள்.

பயிலுநரின் தனிச் சிகிச்சை விதியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நீக்கியதற்குக் காரணம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள். காரணம் இல்லாமல் கடைசிப் பக்கத்தில் வைத்து நீக்கும் விதி அல்ல அது.

செலவுக்கு வழி செய்யுங்கள். களப்பயிற்சியில் பயிலுநரின் உழைப்பைப் பெறும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அதற்கு ஊதியம் தர வேண்டும் என்பதை அங்கீகாரத்துக்கு நிபந்தனையாக்குங்கள். என்னைப் போன்ற மேற்பார்வையாளர்கள் ஆளுக்கு ஒரு பயிலுநரையாவது கட்டணமின்றி ஏற்கும் திட்டம் ஒன்றைத் தொடங்குங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இடையில் நின்றவர்கள், விட்ட இடத்திலிருந்து தொடர வழி வையுங்கள்.

புதிய விதியின்படி ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களைக் கைவிடாதீர்கள். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். உங்கள் விளம்பரத்தை நம்பியவர்கள். அவர்கள் முழுத் தகுதிக்குப் போக ஓர் இணைப்புப் பயிற்சி வேண்டும். அதுவரை மேற்பார்வையாளர் இல்லாமல் எந்தக் குழந்தையையும் தனியாகப் பார்க்கக் கூடாது என்று அவர்களுக்கு எழுதுங்கள்.

பெற்றோர் எவரும் பார்க்கக்கூடிய பதிவேடு ஒன்றை வெளியிடுங்கள். சிகிச்சையாளரின் பெயருக்கு எதிரே, என்ன பயிற்சி, எத்தனை மணிநேரம், இப்போது மேற்பார்வையில் இருக்கிறாரா இல்லையா என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

அடுத்த சேர்க்கை தொடங்குவதற்கு முன், இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்று எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுங்கள். கூட்டத்துக்கு அழைத்தால் வருகிறேன். கறுப்புத் தாளையும் துப்பாக்கியையும் பற்றி இதைவிட விரிவாகச் சொல்கிறேன்.

அந்த மூன்று நாள் சான்றிதழின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் 'சிகிச்சையாளர்' என்ற சொல்லை நானே பேனாவால் அடித்து, பக்கத்தில் கையொப்பம் இட்டிருக்கிறேன். உங்கள் புதிய சான்றிதழ்கள் அச்சகத்துக்குப் போவதற்கு முன் அதை உங்கள் படிவத்தின் அருகில் வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
விளையாட்டுச் சிகிச்சையாளரும் மேற்பார்வையாளருமான ஒருத்தி